செவி திறந்த இசைமேதை

கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். அம்சத்துவனி இராகத்தை உருவாக்கிய இராமசுவாமி தீட்சிதரே இவருடைய தந்தை. இளமையிலேயே வடமொழியிலும் வீணையிலும் இவர் தேர்ச்சி பெற்றார்.

பின்னர் இவர்தம் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வள்ளல் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. அக்காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் முழங்கக் கேட்டார் தீட்சிதர். கமகமோ இராக விரிவோ இல்லாத எளிய மெட்டுகள் அவை. மரபில் ஊறிய ஒருவர் அவற்றை இசையென்றே மதியாது விலகியிருக்கலாம். தீட்சிதரோ அவற்றின் துள்ளலில் மனம் தோய்ந்தார். சங்கராபரணச் சுரங்களோடு அவை இயைவதை உணர்ந்தார். ஏறத்தாழ 40 வடமொழிப் பாடல்களை அவ்வகை மெட்டுகளில் அமைத்தார். ஆங்கில அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்று. இவையே ‘நோட்டுசுர சாகித்தியங்கள்’ எனப்படுகின்றன. தம்பி பாலுசுவாமியோ மேனாட்டு வயலினைப் பயின்று, கருநாடக இசையில் அதற்கு இடம் தேடித்தந்தார்.

காசியில் தங்கியிருந்த ஆண்டுகளில் வடநாட்டு இசையிலும் தீட்சிதர் உள்ளம் படிந்தது. துருபத் இசையின் நிதானம் இவருடைய கீர்த்தனைகளில் இழையோடுகிறது. கற்பிப்பதிலும் இவர் வேற்றுமை பாராட்டவில்லை. ஆடற்கலைஞர் கமலம், மத்தளக் கலைஞர் தம்பியப்பன், தஞ்சை நால்வர் ஆகியோர் இவர்தம் மாணாக்கர்.

தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். ஆழ்ந்த கமலாம்பா நவாவரணத்தைப் படைத்த அவரே சிறுவரும் பாடி மகிழும் நோட்டுசுரங்களையும் படைத்தார். பிறந்த இடம் கேட்டு இசையை அவர் அளக்கவில்லை. தம் உள்ளத்தைத் தொட்டதா என்றே கேட்டார்.