மண்ணடுக்கைப் படித்தவர்

மோர்டிமர் வீலர் 1890ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்ற அவர், தொல்லியலைத் தம் வாழ்நாள் துறையாக ஏற்றார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றினார். அவரோடு அகழாய்வு பயின்ற இளைஞர் பலர் போர்க்களத்திலிருந்து திரும்பவில்லை. எஞ்சிய மிகச் சிலருள் ஒருவரான வீலர், அத்துறையை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் அகழாய்வு பெரும்பாலும் புதையல் தேடுவது போலவே நடந்தது. அழகிய பொருள்கள் எடுக்கப்பட்டன. உடைந்த ஓடுகள் ஒதுக்கப்பட்டன. வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் வேறு வழியில் சென்றனர். நிலத்தைச் சதுரக் குழிகளாகப் பிரித்துத் தோண்டினர். குழிகளுக்கு இடையே மண் வரப்புகளை விட்டு வைத்தனர். அவ்வரப்புகளில் மண்ணடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதே அதன் காலத்தைச் சொல்லும் என்பது அவர்களின் கொள்கை. இருவரும் பாடுபட்டு உருவாக்கிய தொல்லியல் கழகம் 1937ஆம் ஆண்டு இலண்டனில் திறக்கப்பட்டது. அதைக் காண டெஸ்ஸா உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டே அவர் காலமாகியிருந்தார்.

1944ஆம் ஆண்டு வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரானார். அவ்வாண்டு சென்னை அரும்பொருளகத்தைப் பார்வையிட்டபோது, ஓர் அலமாரியில் உடைந்த சாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கண்ணில் பட்டன. அது மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஏற்றி அனுப்பப் பயன்பட்ட அம்போரா என்னும் சாடி. அது புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தது என்று அறிந்ததும் அவர் அங்கு விரைந்தார்.

அப்போது பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியில், பொது நூலகத்தின் கண்ணாடிப் பேழைகளில் அரிக்கமேட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. அச்சிறிய காட்சியகத்தில் சில சிவப்பு ஓடுகளைக் கண்டு வீலர் வியந்தார். அவை இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் செய்யப்பட்டவை. அவற்றின் காலம் ஏற்கெனவே தெளிவாக அறியப்பட்டிருந்தது. எனவே, அந்த ஓடுகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடைக்கும் உள்ளூர் மட்பாண்டங்களுக்கும் காலம் கணிக்க முடியும். தென்னிந்தியத் தொல்லியல் அதுவரை தேடிக்கொண்டிருந்த அளவுகோல் அந்தப் பேழைக்குள் இருந்தது.

1945ஆம் ஆண்டு இந்திய மாணவர்களுக்குப் பயிற்சியளித்தபடியே வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். செங்கல் கட்டடங்கள், மணிகள், தமிழ் எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகள், அம்போராத் துண்டுகள் ஆகியவை வெளிப்பட்டன. அத்துண்டுகளுள் சில கிரேக்கத் தீவான கோஸிலிருந்து வந்தவை எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிச் சங்கப் பாடல் சொல்வதற்கு மண்ணே சான்று தந்தது.

அரிக்கமேடு உரோமானிய வணிகத்தால் தோன்றிய ஊர் என்று வீலர் எண்ணினார். வெளிநாட்டார் வருமுன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பின்வந்த அகழாய்வுகள் மெய்ப்பித்தன. அவருடைய முடிவைத் திருத்தியவர்களும் மண்ணடுக்குகளைப் படித்தே திருத்தினர்.

அரிக்கமேட்டில் செய்யப்பட்டவை போன்ற சிறு கண்ணாடி மணிகள் பேராக் மாநிலத்தின் கோல செலின்சிங்கிலும் கிடைத்துள்ளன. கடல்வழி உறவு நம் கரையையும் தொட்டிருந்தது. கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி மீதும் ஒரு சிறிய வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் தோட்டப்புறங்களிலிருந்து அங்குச் செல்லும் மாணவர்கள், பீரங்கிகளைப் பார்ப்பதோடு பேழைகளில் உள்ள சிறு பொருள்களையும் நின்று கவனிக்கலாம்.

வீலர் 1976ஆம் ஆண்டு மறைந்தார். பலர் பார்த்துக் கடந்த உடைந்த ஓட்டை நின்று பார்த்ததால், ஒரு கடற்கரையின் வரலாற்றுக்குக் காலம் கிடைத்தது.