யார் இந்த ராபர்ட் பாஷ்? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிளக் ஒயருக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ஈரமான காலை நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஸ்டார்ட் ஆனாலும் திக்கித் திக்கி ஓடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுவை இருக்காது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்து, பெட்ரோலையும் குறை சொல்லிவிட்டு, கடைசியில் பார்த்தால் கோளாறு ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் ஒயரில் இருக்கும்.

விரல் தடிமன்கூட இல்லாத அந்த ஒயரில் சுமார் 20,000 வோல்ட் வரை போகும். சில வண்டிகளில் அதற்கும் மேல். இவ்வளவு உயர் அழுத்த மின்சாரத்தை ஒயர் வழியாகக் கொண்டுபோய், பிளக் முனையில் தவறாமல் பொறி தட்டவைக்கும் முறையை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்துப் பட்டறை ஒன்று. அதன் முதலாளி ராபர்ட் பாஷ். இன்று டிரில்லிங் மெஷினிலும் வாஷிங் மெஷினிலும் நாம் பார்க்கும் பெயர்தான். அந்தப் பெயருக்கு உரியவர் எப்படி வாழ்ந்தார்?

விடுதிக்காரர் மகன்

1861 செப்டம்பர் 23 அன்று, உல்ம் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஆல்பெக் கிராமத்தில் பாஷ் பிறந்தார். 12 பிள்ளைகளில் 11-வது. அப்பா விவசாயத்தோடு விடுதியும் நடத்தியவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பையனுக்குப் பள்ளிப் படிப்பில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. உல்ம் நகரில் நுண்கருவி மெக்கானிக்காகத் தொழில் பழகினார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அங்கே பட்ட அவதி அவர் மனதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் தன் தொழிற்சாலையில் பயிற்சிப் பையன்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1884-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். நியூயார்க்கில் தாமஸ் எடிசனின் நிறுவனத்தில் வேலை. அங்கே தொழிலாளர் இயக்கம் ஒன்றிலும் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் நிறுவனத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

கடனில் ஓடிய பட்டறை

1886 நவம்பர் 15 அன்று ஸ்டட்கார்ட்டில் ஒரு சின்னப் பட்டறை திறந்தார். முதலீடு 10,000 மார்க். கூட வேலைக்கு ஒரு தொழிலாளி, ஓடியாட ஒரு பையன், அவ்வளவுதான். டெலிபோன் மாட்டுவது, மின்சார மணி பொருத்துவது என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்கள். வாடிக்கையாளர்களைப் பார்க்க பாஷ் சைக்கிளில் போவார்.

அடுத்த ஆண்டே ஒரு வாடிக்கையாளர் வந்து, தன் என்ஜினுக்கு மேக்னெட்டோ ஒன்று செய்துதரக் கேட்டார். மேக்னெட்டோ என்றால் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும் கருவி. பேட்டரி இல்லாமலே பொறி கிடைக்கும். டாய்ட்ஸ் நிறுவனம் இதுபோன்ற ஒன்றை ஏற்கெனவே பயன்படுத்திவந்தது. பாஷ் அதைப் பார்த்து, மேம்படுத்திச் செய்துகொடுத்தார். ஆனால் ஆர்டர் குவிந்துவிடவில்லை. 1892-ல் கிட்டத்தட்ட திவாலாகும் நிலை. வீட்டார் கைகொடுத்ததால் பட்டறை மூடப்படாமல் தப்பியது.

மூன்று சக்கர வண்டி விட்ட சவால்

திருப்பம் 1897-ல் வந்தது. பிரெட்ரிக் சிம்ஸ் என்ற தொழிலதிபர், டி டியோன் புட்டோன் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றுக்கு மேக்னெட்டோ பொருத்தித்தரச் சொன்னார். பாஷ் அதுவரை செய்ததெல்லாம் ஒரே இடத்தில் நின்று ஓடும் என்ஜின்களுக்குத்தான். அவை நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் சுற்றினால் அதிகம். இந்தக் குட்டி என்ஜினோ 1,500-ஐத் தாண்டிச் சுற்றும். கனமான கம்பிச்சுருளை அந்த வேகத்துக்கு அசைப்பது நடக்காத காரியம்.

பட்டறையில் இருந்த ஆர்னால்ட் செரிங்கர் வழி கண்டுபிடித்தார். கம்பிச்சுருளை அசையாமல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி எடை குறைந்த உலோக உறை ஒன்றை மட்டும் அசையவிட்டார். வேலை முடிந்தது. கார் என்ற புதிய சந்தை பாஷுக்குத் திறந்தது.

1902: ஒயர் வந்த கதை

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அந்தக் கால மேக்னெட்டோ குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்தது. சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு உலோகத் தொடர்புகள் ஒட்டி ஒட்டிப் பிரியும்போதுதான் பொறி வரும். அவற்றைப் பிரிக்கத் தனியாகத் தண்டுகள் வேண்டும். தீ எரியும் அறைக்குள் அசையும் பாகம்! தேய்மானம் சொல்லி மாளாது. என்ஜின் வேகம் கூடக்கூட இந்த ஏற்பாடு திணறியது.

இதற்கு விடை தேடும் பொறுப்பை கோட்லோப் ஹோனோல்டிடம் பாஷ் கொடுத்தார். ஒரு காலத்தில் அதே பட்டறையில் தொழில் பழகியவர் ஹோனோல்ட். அவர் மேக்னெட்டோவுக்குள்ளேயே இரண்டாவது கம்பிச்சுருள் ஒன்றைச் சேர்த்து உயர் மின்னழுத்தம் உண்டாக்கினார். அந்த மின்சாரம் ஒயர் வழியாகப் போய், ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே தாவும். சிலிண்டருக்குள் அசையும் தொடர்பு எதுவும் கிடையாது. ஸ்பார்க் பிளக் அதற்கு முன்பே இருந்த பொருள்தான். அதற்கு நம்பகமான துணை கிடைத்தது 1902-ல். முதல் கருவி அந்த ஆண்டு செப்டம்பரில் டைம்லர் நிறுவனத்துக்குப் போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செரிங்கர், ஹோனோல்ட் இருவரின் கண்டுபிடிப்புகளும் பாஷின் பெயரில் உலகம் சுற்றின. பாஷ் பெரிய கண்டுபிடிப்பாளர் அல்ல. சரியான ஆளைப் பிடித்து, நல்ல சம்பளம் கொடுத்து, சோதிக்காத பொருளை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டவர்.

அந்த ஒயரை இன்று மாற்றுவது எப்படி?

புதிய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனி காயில் உட்கார்ந்திருக்கும். நீளமான ஒயருக்கு வேலை இல்லை. பழைய கார்களில் இன்னும் ஒயர்தான். பாஷின் ஊரான ஸ்டட்கார்ட்டில் உருவான காற்றுக் குளிர்ப்பு போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்வோம்.

* என்ஜின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். இக்னிஷனை அணைத்து பேட்டரி இணைப்பைக் கழற்றுவது அவசியம். 1960-களின் இறுதியிலிருந்து பல 911 மாடல்களில் வந்த மின்தேக்கி வகை இக்னிஷன் கொடுக்கும் ஷாக் ஆபத்தானது.

* ஒரு நேரத்தில் ஒரு ஒயர்தான். பழையதைக் கழற்றியதும் அதே நீளத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகணும். மொத்தமாகப் பிடுங்கினால் வரிசை குழம்பிவிடும். இந்த ஆறு சிலிண்டர் என்ஜின் எரியும் வரிசை 1-6-2-4-3-5.

* ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளக் மேல் உள்ள தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். புதியதை மாட்டும்போது கிளிக் என்று உட்கார வேண்டும்.

* என்ஜினை மூடிய தகட்டுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அது சரியாகப் பொருந்தாவிட்டால், என்ஜினைக் குளிர்விக்கும் காற்று அந்த இடைவெளியில் வெளியேறிவிடும்.

* ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துக் கட்டாமல், அதற்கான பிடிகளில் பிரித்து மாட்டணும். சூடான பாகங்களில் உரசக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசலோ, தொடர்பு முனைகளில் பச்சைப் பாசம்போலப் படிவோ இருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

பழைய ஒயர்தான் குற்றவாளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருட்டில், திறந்த வெளியில் என்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒயரைச் சுற்றி நீலப் பொறி தெரிந்தால் உறை போய்விட்டது என்று அர்த்தம். மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து, கார் நிறுவனம் சொன்ன அளவோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

8 மணி நேர வேலை

ஒயரும் மேக்னெட்டோவும் பாஷைப் பணக்காரர் ஆக்கின. 1906-ல் ஒரு லட்சமாவது மேக்னெட்டோ தயாரானபோது, தொழிற்சாலையில் 8 மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தார். மற்ற இடங்களில் 10 மணி நேரம் சாதாரணமாக இருந்த காலம் அது. சனிக்கிழமை பிற்பகல் விடுமுறையும் 1910-ல் வந்தது. மற்ற முதலாளிகள் அவருக்குச் சிவப்பு பாஷ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

எல்லாம் சுமுகமாகவே போனதா? இல்லை. 1913-ல் அவர் தொழிற்சாலையிலேயே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்தக் கசப்பு அவருக்கு நெடுநாள் இருந்தது.

போரும் லாபமும்

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் வந்தது. வெளிநாட்டு விற்பனையை நம்பியிருந்த நிறுவனத்துக்குப் பலத்த அடி. அமெரிக்காவில் இருந்த சொத்துகள் பறிபோயின. ஆனால் உள்நாட்டில் ராணுவ ஆர்டர்கள் லாபம் கொட்டின. மனித உயிர் போகும் வேலையில் சம்பாதித்த பணம் அவரை உறுத்தியது. நெக்கர் ஆற்றைக் கப்பல் போகும் கால்வாயாக்கும் திட்டத்துக்கு மட்டும் 1.3 கோடி மார்க் கொடுத்தார். தானமாகக் கொடுத்தார், சரி. ஆனால் தயாரிப்பை நிறுத்தவில்லை.

1921-ல் அவருடைய மகன் ராபர்ட் நீண்ட நோய்க்குப் பிறகு இறந்தார். நிறுவனத்தை ஏற்று நடத்துவார் என்று அப்பா நம்பியிருந்த மகன்.

ஹிட்லர் காலத்தில் என்ன செய்தார்?

பாஷ் வாழ்க்கையில் எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத பகுதி இதுதான். ஹிட்லர் ஆட்சியை அவர் வெறுத்தார். லைப்சிக் மேயர் பதவியை விட்டு விலகிய கார்ல் கோர்டெலரை 1937-ல் ஆலோசகர் என்ற பெயரில் வேலைக்கு எடுத்தது அவர் நிறுவனம். ஹிட்லருக்கு எதிரான ரகசிய முயற்சிகளில் முன்னின்ற கோர்டெலர், பின்னாளில் மரண தண்டனைக்கு ஆளானார். யூதர்கள் தப்பிப்போகவும் நிறுவனப் பணம் உதவியது. அந்த வேலையைக் கவனித்த தலைமை நிர்வாகி ஹான்ஸ் வால்ஸை இஸ்ரேல் பிற்காலத்தில் கௌரவித்தது.

அதே நிறுவனம்தான் ஹிட்லரின் ராணுவத்துக்கு வாகன, விமான உதிரிபாகங்களைத் தயாரித்துக் கொடுத்தது. போர்க்காலத்தில் வதைமுகாம் கைதிகள் உட்பட சுமார் 20,000 பேர் அதன் ஆலைகளில் கட்டாய வேலை செய்தார்கள். ஒரு கை காப்பாற்றியது, இன்னொரு கை ஆயுதம் செய்தது. இரண்டும் நடந்தவை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது.

1942 மார்ச் 12 அன்று, 80 வயதில் பாஷ் இறந்தார். அவர் வெறுத்த அதே அரசு அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது.

இன்று யாருக்குச் சொந்தம்?

நிறுவனத்தின் லாபம் பொதுக் காரியங்களுக்குப் போகணும் என்பது பாஷின் விருப்பம். அதன்படி 1964-ல் பெரும்பான்மைப் பங்குகள் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டன. இன்றும் 90 சதவீதத்துக்கும் மேலான பங்குகள் அதனிடமே உள்ளன. ஸ்டட்கார்ட்டில் அவர் கட்டிய மருத்துவமனையும் செயல்படுகிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பாஷின் இந்தியக் கிளைதான். மைக்கோ பிளக் என்றால் நம்மூர் ஸ்கூட்டர் மெக்கானிக்குகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

பாஷ் சின்னத்தை அடுத்த முறை பார்த்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் தெரியும் அந்த வடிவம், மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் இரும்புக் கட்டை. அதை வரைந்தவர் ஹோனோல்ட். முதலாளியின் பெயருக்குப் பக்கத்தில், தொழிலாளி ஒருவரின் கைவேலை இன்றுவரை நிற்கிறது.