வயலையும் வகுப்பறையையும் இணைத்த அஸீஸ்

1942ஆம் ஆண்டு உலக யுத்தத்தினால் பர்மா அரிசியின் வருகை நின்றுபோக, இலங்கையெங்கும் உணவுத் தட்டுப்பாடு தலைதூக்கியது. அவ்வேளை உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் கல்முனைக்கு அனுப்பப்பட்டவரே ஏ.எம்.ஏ. அஸீஸ்.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ். இந்துக் கல்லூரியில் பயின்ற அவர், 1935இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமாவார். எமது விவசாயிகள் புதிய நெற்காணிகளைத் திறக்கத் துணைநின்ற அவர், நெல்லோடு நின்றுவிடவில்லை. 1942ஆம் ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தார். 1945இல் முஸ்லிம் மாணவருக்கான கல்விச் சகாய நிதியை நிறுவிய அவர், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். 1973இல் மறைந்தார்.

அன்று பிள்ளைகளை வருத்தியது பசி. இன்றோ பாடசாலை வாயிலில் விற்கப்படும் இனிப்புப் பானமும் எண்ணெயில் பொரித்த பண்டமும் அவர்களின் இதயத்துக்கு வினையாகின்றன. பின்னாளைய மாரடைப்புக்கான வித்து சிறுவயதிலேயே விழுந்துவிடுகிறது. சாய்ந்தமருதின் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் இலைக்கஞ்சியும் அவித்த கடலையும் பழமும் முதலிடம் பெறவும், விளையாட்டு நேரம் பரீட்சைக்குப் பலியாகாதிருக்கவும் அதிபர்களும் பெற்றோரும் உறுதிபூணல் அவசியமாகும். உணவையும் கல்வியையும் ஒருசேரக் கவனித்த அப்பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.