தவிடு தந்த புகழ்

நான் விஞ்ஞான ஆசிரியனாகப் பணி தொடங்கிய காலத்தில், கிறிஸ்தியான் ஐக்மானுடைய வரலாற்றை மாணவர்க்குச் சொல்ல எனக்கு மூன்று நிமிடங்களே போதுமாயிருந்தன. ஒல்லாந்து நாட்டு வைத்தியர் ஒருவர் யாவாவுக்குச் சென்றார், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் தள்ளாடுவதைக் கண்டார், தவிட்டைக் கொடுத்துக் குணமாக்கினார், விற்றமினைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு பெற்றார். மணியடிப்பதற்கு முன்னே கரும்பலகையைத் துடைத்துவிடலாம். ஒரு நாள் பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, விற்றமின் என்பதொன்று உண்டென்று ஐக்மான் யாவாவிலிருந்து எந்த ஆண்டில் எழுதினார் என்று கேட்டான். அடுத்த பாடத்திற் சொல்வதாகக் கூறி அவனை இருத்தினேன். அடுத்த பாடத்திலும் நான் சொல்லவில்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கிய பின்னரே, அப்படியோர் ஆண்டு இல்லை என்பதும், நான் சொல்லிவந்த கதையின் பிற்பாதி பிழை என்பதும் புலனாயின. அன்று தொடங்கிய வாசிப்பு இன்றுவரை ஓயவில்லை.

ஐக்மான் 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி ஒல்லாந்திலுள்ள நைக்கேர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பாடசாலையின் தலைமையாசிரியர். அவருக்கு இவர் ஏழாவது பிள்ளை. ஆசிரியர் வீட்டில் ஏழு பிள்ளைகளை ஆளாக்குவது எத்தகைய காரியம் என்பதை இப்பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1875இல் அம்ஸ்ரர்டாம் சர்வகலாசாலையைச் சார்ந்த இராணுவ வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்த ஒல்லாந்தப் படைக்கு வைத்தியர்களை உருவாக்கும் இடம் அது. 1883இல் நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகச் சிறப்புடன் டாக்டர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே இளமனைவியுடன் கப்பலேறினார். யாவாவிலும் சுமாத்திராவிலும் பணிபுரிந்தார். யாவாவின் தென்கரையிலே மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றிக்கொண்டது. 1885இல் நோயாளியாக நாடு திரும்பினார். அடுத்த ஆண்டில் மனைவி இறந்துவிட்டார். இத்தகைய நிலையில், வேறொருவராயின் கீழைத்தேசத்தை மீண்டும் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்.

அவரோ, உடல் தேறியதும் பேர்லினுக்குச் சென்று றொபேட் கொக் என்பாரிடம் கிருமியியல் கற்றார். கொக் காசநோய்க் கிருமியையும் வாந்திபேதிக் கிருமியையும் கண்டுபிடித்துப் புகழின் உச்சியிலிருந்த காலம் அது. எந்நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்று ஐரோப்பிய வைத்திய உலகம் நம்பியது. அந்த நம்பிக்கையோடு பேக்கல்ஹாரிங், விங்க்ளர் என்னும் ஒல்லாந்த அறிஞர் இருவர் பேர்லினுக்கு வந்து சேர்ந்தனர். சுமாத்திராவின் ஆச்சே நாட்டில் நடந்த போரிலே ஒல்லாந்தப் படையைப் பெரிபெரி நோய் வருத்திக்கொண்டிருந்தது. அதன் காரணத்தை அறிந்துவருமாறு அரசு அவர்களை ஏவியிருந்தது. 1886இல் அவர்களுக்குத் துணைவராக ஐக்மானும் புறப்பட்டார்.

பெரிபெரி என்னும் பெயர் நம் நாட்டோடு தொடர்புடையது. இயலாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லை இருமுறை அடுக்கியதே அப்பெயர் என்று அகராதிகள் கூறும். நோயின் தன்மையும் அதுவே. முதலிற் கால்கள் மரத்துப்போகும். பின்னர்த் தசை நலிந்து நடை தள்ளாடும். சிலர்க்கு உடல் வீங்கி, இதயம் தளர்ந்து, நேற்றுவரை நடமாடியவர் இன்று மாண்டுபோவார்.

அறிஞர் இருவரும் ஏறத்தாழ ஓராண்டு உழைத்து, ஒரு கிருமியைக் கண்டதாக எண்ணி நாடு திரும்பினர். பேக்கல்ஹாரிங் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பத்தாவியா இராணுவ வைத்தியசாலையிலிருந்த ஆய்வுகூடம் நிலையானதாக்கப்பட்டது. 1888 ஜனவரி 15இல் ஐக்மான் அதன் முதல் அதிபரானார். அதே ஆண்டில் மறுமணமும் செய்துகொண்டார். யாவாவின் சுதேச இளைஞர்க்கு வைத்தியம் கற்பிக்கும் பாடசாலையின் தலைமையும் அவரிடம் வந்தது. அங்கே அவர் செய்த வேறொரு பணியை வரலாற்றாசிரியர்கள் விரைந்து கடந்துவிடுவர். வெப்பநாட்டில் வாழும் ஐரோப்பியரின் இரத்தம் நீர்த்துவிடும் என்றொரு கொள்கை அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. ஐக்மான் இரு சாராரையும் அளந்து பார்த்து, அவ்வாறான வேறுபாடு யாதுமில்லை என்று எழுதினார். பிறர் சொன்னதை எண்ணிப் பாராது ஏற்கும் இயல்பினர் அல்லர் அவர் என்பதற்கு இஃதொன்றே சான்று.

இனிக் கோழிகளின் கதைக்கு வருவோம். பெரிபெரிக் கிருமியைத் தேடிய ஐக்மான், நோயாளரிடமிருந்து எடுத்ததைக் கோழிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினார். 1889 யூலை மாதத்தில் அவை நோயுற்றன. கால் வலுவிழந்து தள்ளாடி, ஒருபக்கமாகச் சரிந்து, மூச்சுத் திணறி இறந்தன. கிருமி அகப்பட்டுவிட்டதென்று மகிழ்வதற்கு அதுவே தக்க தருணம். ஆனால், ஊசி ஏற்றாது ஒப்புநோக்குவதற்காக வைத்திருந்த கோழிகளும் அவ்வாறே வீழ்ந்தன. கூடு முழுவதும் தொற்றிவிட்டது போலும் என்று எண்ணிப் புதுக் கோழிகளை வேறிடத்தில் வைத்தார், பயனில்லை. நவம்பர் மாத இறுதியில் நோய் தானாகவே மறைந்தது. எஞ்சியவை தேறின. புதியவை நோயுறவில்லை.

ஆய்வுகூடத்துக் கோழிகளைப் பராமரித்தவன், செலவைக் குறைக்கும் பொருட்டு, யூன் மாத நடுப்பகுதி தொடக்கம் வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய சோற்றை அவற்றுக்குப் போட்டுவந்தான் என்பது பின்னர்த் தெரியவந்தது. அது படையினர்க்கென்று ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோறு. பின்பு சமையற்காரர் மாறினார். புதியவர், படையினரின் அரிசியைப் படையைச் சேராத கோழிகளுக்குக் கொடுப்பது முறையன்று என்று மறுத்துவிட்டார். எனவே கோழிகள் மீண்டும் தீட்டாத மலிவரிசிக்குத் திரும்பின. நோயும் நீங்கியது. அந்தச் சமையற்காரரின் பெயரை எந்த நூலும் தரவில்லை. கணக்கிற் கண்டிப்பான அந்த மனிதருக்குத் தாம் செய்தது இன்னதென்று தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

இதனைத் தற்செயல் என்று சொல்லிவிடுதல் எளிது. மிச்சச் சோற்றைத் தின்று இறந்த கோழிகள் யாவாவில் முன்னரும் இருந்திருக்கும். நாட்களைக் குறித்துவைத்து, நோய் தொடங்கிய நாளையும் சோறு மாறிய நாளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் ஒருவர் அங்கே இருந்தாரென்பதே தற்செயலன்று. அதன் பின்னர் அவர் பல ஆண்டுகள் முயன்றார். தீட்டிய அரிசியைக் கொடுத்தார். சில வாரங்களிற் கோழிகள் வீழ்ந்தன. உமி மட்டும் நீக்கிய அரிசியைக் கொடுத்தார், தேறின. உமிக்கும் அரிசிக்கும் இடையேயுள்ள மெல்லிய தோலிலும் தவிட்டிலுமே காக்கும் பொருள் உள்ளதென்று உறுதிசெய்தார்.

இவ்வளவும் சரி. பிழை இதற்கப்பால் நிகழ்ந்தது. வெள்ளையரிசியின் மாப்பொருளிலிருந்து நரம்பைத் தாக்கும் நஞ்சொன்று உண்டாகிறது என்றும், தவிட்டிலுள்ளது அதனை முறிக்கும் மாற்றுமருந்து என்றும் ஐக்மான் முடிவு செய்தார். உணவில் ஏதோ ஒன்று இருப்பதனால் நோய் வரும் என்பது அக்கால மூளைக்கு எளிதிற் புரியும். ஏதோ ஒன்று இல்லாமையாலும் நோய் வரக்கூடும் என்பது புரியாது. கொக்கிடம் கற்ற பாடமே அவர் கண்ணை மறைத்தது என்று நான் கருதுகிறேன். யப்பானியக் கடற்படையின் வைத்தியரான தக்காக்கி, 1880களிலேயே மாலுமிகளின் உணவை மாற்றிப் பெரிபெரியைப் பெரிதும் ஒழித்திருந்தார். அவரும், குறைந்தது புரதம் என்றே எண்ணினார். செயல் சரியாகவும் காரணம் பிழையாகவும் அமைதல் அந்நோயின் வரலாற்றிற் புதிதன்று.

கோழிக்கு வந்தது மனிதர்க்கும் பொருந்துமா என்பது அடுத்த வினா. யாவாவின் சுகாதாரப் பரிசோதகரான வோர்டர்மான் என்பவர் 1895–96இல் சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். அங்குள்ளோர் உணவைத் தாமே தெரிந்துகொள்ள இயலாதவர். ஊர் வழக்கத்துக்கேற்பச் சில சிறைகளில் தீட்டாத அரிசியும் சிலவற்றில் தீட்டிய அரிசியும் வழங்கப்பட்டன. ஆராய்ந்த 101 சிறைகளிலே, தீட்டாத அரிசி கொடுத்தவை 37. அவற்றுள் ஒன்றில் மட்டுமே நோய் இருந்தது. தீட்டிய அரிசி கொடுத்தவை 51. அவற்றுள் 36இல் இருந்தது. ஆட்கணக்கிற் பார்த்தால், முன்னவற்றிற் பத்தாயிரவர்க்கு ஒருவர். பின்னவற்றில் முப்பத்தொன்பதின்மர்க்கு ஒருவர். கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெருக்கம் ஆகியவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. இக்கணக்கைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். ஆலை தீட்டிய அரிசி வெண்மையாயும் கெடாமலும் இருக்கும் என்பதற்காக அதை வாங்கிக் கொடுத்தவர்கள் கைதிகளைத் தண்டிக்கும் எண்ணத்தோடு கொடுக்கவில்லை.

ஐக்மான் 1896 மார்ச்சில் உடல்நலங் குன்றி நாடு திரும்பினார். 1898இல் உத்ரெக்ட் சர்வகலாசாலையிற் சுகாதாரப் பேராசிரியரானார். பத்தாவியாவில் அவர் விட்ட ஆராய்ச்சியைக் கையேற்றவர் கிறைன்ஸ் என்னும் இளையவர். அவர் அரிசியோடு நில்லாது, கடுஞ்சூட்டில் நெடுநேரம் வேகவைத்த இறைச்சியைக் கோழிகளுக்குக் கொடுத்தார். அதில் மாப்பொருள் இல்லை. ஆயினும் நோய் வந்தது. பாசிப்பயற்றைக் கொடுத்தார், நோய் தீர்ந்தது. நஞ்சுமில்லை, மாற்றுமருந்துமில்லை, நரம்புகளுக்கு இன்றியமையாத ஏதோவொன்று இயற்கை உணவிலே உண்டு, அது இல்லாதபோது நோய் தோன்றும் என்று 1901இல் எழுதினார். என் மாணவன் கேட்ட ஆண்டு இதுதான். எழுதிய கைதான் வேறு. ஐக்மான் உடனே இசையவில்லை. சில ஆண்டுகள் கழித்தே, இளையவர் சொன்னதே பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டுகளில் மலாயாவில் நடந்ததொன்றை நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும். அங்கே வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. இவ்வேறுபாட்டைப் பிறடன் என்னும் ஆங்கில வைத்தியர் 1907இல் நூலாக எழுதினார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையிலே பிளெச்சர் என்பவர் நோயாளரை இரு பகுதியினராக்கி, இருவகை அரிசியையும் கொடுத்துச் சோதித்தபோது, வெள்ளையரிசி உண்டவருட் பலர் நோயுற்றனர். புழுங்கலரிசிப் பகுதியிற் புதிதாக ஒருவர்க்கும் வரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்து நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் அதிற் பெரும்பகுதி தங்கிவிடும். எங்கள் வீட்டில் அம்மா பெரிய கிடாரத்தில் நெல்லவித்துப் பாயிற் காயவைக்கும் நாட்களில், அந்த வாசனை பிடிக்காமல் நான் வெளியே ஓடிவிடுவேன். நகரத்து விடுதியிற் படிக்கச் சென்றபோது, மல்லிகைபோன்ற வெள்ளைச் சோறுதான் நாகரிகம் என்று எண்ணி, ஊர்ச் சோற்றின் நிறத்துக்கு வெட்கப்பட்டதும் உண்டு.

கிறைன்ஸ் சொன்ன பொருளுக்கு விற்றமின் என்னும் பெயரை இட்டவர் கசிமிர் ஃபங்க், ஆண்டு 1912. பொருளைக் கண்ணாற் காண மேலும் பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1926இல், பத்தாவியாவின் அதே ஆய்வுகூடத்திலே, யான்சன், டோனத் என்னும் இருவர் நூற்றுக்கணக்கான கிலோ தவிட்டிலிருந்து ஒரு சிட்டிகை பளிங்குகளைப் பிரித்தெடுத்தனர். அதில் ஒரு பகுதியை உத்ரெக்டுக்கு அனுப்பினர். அங்கே முதியவரான ஐக்மான் அதனைப் பறவைகளுக்குக் கொடுத்துச் சோதித்து, நோயைத் தடுப்பது அதுவே என்று உறுதிசெய்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாம் மாற்றுமருந்து என்று நினைத்த பொருள் தம் உள்ளங்கையில் இருந்தபோது அவர் என்ன எண்ணினாரோ! சோதித்துப் பாராமல் ஒப்பவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

அப்பொருளையே 1936இல் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் இரசாயன முறையில் ஆக்கினார். சென்னை மாகாணத்தின் நெல்லூரிலே பாதிரிமார் குடும்பத்திற் பிறந்தவர் அவர். இன்று மருந்துக்கடையில் பி என்னும் எழுத்தோடு விற்கும் மாத்திரைகளுள் இருக்கும் தயமின் அதுதான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1.2 மில்லிகிராம் அளவே; ஓர் அரிசிமணி அதைவிடப் பன்மடங்கு எடையுள்ளது. தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, அதிலுள்ளதைப் போத்தலில் அடைத்துக் காசு கொடுத்து வாங்கும் நம் சிக்கனத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் மேசையிலும் அப்படியொரு போத்தல் இருக்கிறது.

1929இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசை ஐக்மானும் ஆங்கில அறிஞர் ஹொப்கின்சும் பகிர்ந்து பெற்றனர். கிறைன்சுக்குப் பங்கு இல்லை. இது நீதியா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஐக்மான் பெற்றது தகாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நோயைக் கிருமியிலிருந்து பிரித்துச் சோற்றுக் கோப்பைக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவர் வெட்டிய பாதையில்தான் கிறைன்ஸ் நடந்தார். ஆனால் ஒரு பரிசைப் பலர் பகிரலாம் என்று விதியிருந்தும், பாதையின் முடிவைக் கண்டவரை அழைக்காது விட்டது பெருங்குறையே.

பரிசைப் பெற ஸ்ரொக்ஹோமுக்குச் செல்ல ஐக்மானின் உடல் இடந்தரவில்லை. 1930 நவம்பர் 5இல் உத்ரெக்டிலேயே காலமானார். பத்தாவியா ஆய்வுகூடம் 1938இல், தனது ஐம்பதாவது ஆண்டிலே, ஐக்மான் நிலையம் என்று பெயர் பெற்றது. கிறைன்ஸ் அப்போது உயிரோடிருந்தார். அவர் இறந்தது 1944இல்.