ஒற்றைக் குழல் கற்றுத் தந்த பாடம்: ஜிம் கார்பெட்

புலி வேட்டை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஜிம் கார்பெட். ஆனால் அவருடைய வேட்டை புலியில் தொடங்கவில்லை. காட்டுக்கோழியில் தொடங்கியது, அதுவும் பாதி உடைந்த ஒரு பழைய துப்பாக்கியோடு.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். ஜிம் சிறு பிள்ளையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். பெரிய குடும்பம், கையில் காசு குறைவு. கோடையில் நைனிடாலிலும் குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் இருந்த காலாதுங்கி கிராமத்திலும் வாழ்ந்தார்கள். காலாதுங்கி வீட்டைச் சுற்றிலும் காடுதான்.

கவட்டை, வில் அம்பு எல்லாம் பழகிய பையனுக்குப் பத்து வயதுக்கு முன்பே ஒரு துப்பாக்கி கிடைத்தது. அந்தக் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். வலது குழல் வெடித்துக் கிடந்தது. கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். சுடக்கூடியது இடது குழல் ஒன்றுதான்.

ஒரு வெடி தவறினால் மறுபடி கெட்டித்து முடிப்பதற்குள் கோழி அடுத்த புதருக்குப் போய்விடும். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஆகவே சுடுவதற்கு முன்னால் நன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. எந்த ஓடையில் தண்ணீர் வற்றாது, எந்த மரத்தின் பழத்துக்கு எந்தப் பறவை வரும், எந்த மணல் தடத்தில் இரவு எது நடந்தது என்று கவனிக்கப் பழகினார். கால்தடத்தின் மேல் பனி விழுந்திருக்கிறதா, அதன் குறுக்கே பூச்சி ஊர்ந்திருக்கிறதா என்று பார்த்தே தடம் எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்று கணக்கிடுவார். நல்ல வேட்டைக்காடு என்பது விலங்குகள் நிறைந்த இடம் மட்டுமல்ல, நாம் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய இடமும்தான் என்பது அந்த வயதிலேயே அவருக்குப் பிடிபட்டது.

அண்ணன் டாம் பயத்தைப் போக்கக் கற்றுக்கொடுத்தார். திருட்டு வேட்டையில் கைதேர்ந்த ஊர்த்தலைவர் குன்வர் சிங் காட்டில் நடக்கக் கற்றுக்கொடுத்தார். பறவைகளையும் ஜிம் வேலைவாரியாகப் பிரித்து வைத்திருந்தார். மாங்குயில் போல அழகு சேர்ப்பவை, இனிமையாகப் பாடுபவை, கொண்டைக்குருவி போலப் பழம் தின்று விதை பரப்புபவை, கரிச்சானும் தவிட்டுக்குருவியும் போல ஆபத்து என்று கத்திச் சொல்பவை, இரையைப் பிடித்துச் சமநிலை காப்பவை, பருந்தும் காக்கையும் போலத் துப்புரவு செய்பவை என ஆறு வகை.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் ரயில்வே வேலைக்குப் போனார். முதல் வேலை, ரயில் என்ஜின்களுக்கு விறகு வெட்டித் தருவது. 5 லட்சம் கன அடி மரத்தை வெட்டி அடுக்கவேண்டிய பொறுப்பு. பின்னாளில் காட்டுக்காகப் பேசிய மனிதரின் முதல் சம்பளம் காட்டை வெட்டியதற்குக் கிடைத்தது! அதன்பிறகு பீகாரின் மொகாமே காட் படித்துறையில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தை எடுத்து, தொழிலாளர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.

1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர். 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை. அதன் கணக்கில் 125 பேர். இத்தகைய வேட்டைகளுக்குப் போகுமுன் அவர் விதித்த நிபந்தனை, அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்யவேண்டும் என்பது. பணத்துக்காக வேட்டையாடுகிறவர் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

சம்பாவத் புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்டு, காயப்படுத்திவிட்டு விட்டுப்போன குண்டின் வேலை. மான் பிடிக்க முடியாத புலி மனிதரைப் பிடித்தது. ஒருவரின் அவசர வெடிக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன. ஒரே குழலோடு, குறி தவறக்கூடாது என்று வளர்ந்த ஜிம்முக்கு இதன் பொருள் நன்றாகவே புரிந்திருக்கும்.

அவர் குறையே இல்லாதவரும் அல்ல. யாரையும் கொல்லாத, பவல்கர் காட்டின் பெரிய ஆண்புலியை 1930-ல் பெருமைக்காகவே சுட்டார். ஆனால் மெல்ல மெல்ல அவர் கையில் துப்பாக்கியின் இடத்தைக் கேமரா பிடித்தது. அந்தக் கேமரா ஓடும் சத்தத்தில் புலிகள் ஓடிவிடும். அதனால் காட்டோடையில் கல்லை அடுக்கிச் சிறு அருவிகளை உண்டாக்கி, தண்ணீர்ச் சத்தத்தில் கேமராச் சத்தத்தை மறைத்துப் படம் பிடித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுன் அடிவாரத்தில் அமைய அவரும் துணைநின்றார். அதற்கு 1957-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் அக்கா மேகியோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். காலாதுங்கி அருகே தாம் உருவாக்கிய சோட்டி ஹல்துவானி கிராமத்து நிலங்களை, அங்கே உழுதுவந்த குடியானவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் காலமானார்.

இன்று 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம்; நம் வயல்களில் திரியும் மயிலுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஜிம் சிறுவயதில் செய்த பாதி வேலைக்குத் துப்பாக்கி தேவையில்லை. மண்ணச்சநல்லூர் வாய்க்கால் கரையிலோ, நம் வளாகத்து வேப்பமரத்தடியிலோ காலையில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு சும்மா நின்று பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று கத்தினால் சற்றுத் தேடிப் பாருங்கள். அருகில் ஒரு பூனையோ, பாம்போ, வல்லூறோ இருக்கும்.