ஊருக்கு மருத்துவம் செய்த பேராசிரியர்

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர், நாட்டுத் தொண்டர், அருளாளர் ஆகியோரின் வரலாறுகளை வெளியிடுவது வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, தமிழரும் அல்லாத, இந்தியரும் அல்லாத ஒருவரை இம்முறை நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். பிறந்தது ஸ்காட்லாந்து, கற்றது உயிரியல், முதலில் பேராசிரியராய் அமர்ந்தது தாவரவியலில், புகழ் பெற்றதோ நகர அமைப்புக் கலையில். தஞ்சையின் கோட்டைத் தெருக்களையும் மதுரையின் வீதிகளையும் கண்டு ஆராய்ந்தவர். நாம் வாழும் இந்நகரத்தின் பல்கலைக்கழகத்தில் 5 ஆண்டுகள் ஆசானாய் விளங்கியவர்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நாம் நாள்தோறும் நடந்தே காய்கறி வாங்குகின்றோம்; நடந்தே கோயிலுக்குச் செல்கின்றோம்; பிள்ளைகளைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றோம். ஆதலின், தெரு யாருக்கு உரியது என்ற கேள்வி நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று. அக்கேள்விக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை விடையாக அளித்த ஒருவரின் கதை இது.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணி புரிந்தவர். குழந்தை சிறுவயதாயிருக்கும்போதே குடும்பம் பெர்த் நகருக்கு அருகிலுள்ள கின்னூல் குன்றில் குடியேறியது. அங்கிருந்து நோக்கினால், டே ஆறு மேட்டு நிலத்திலிருந்து இறங்கிக் கடலை நாடிச் செல்லும் வழி கண்ணுக்கு விருந்தாகும். மேட்டில் வேடனும் இடையனும், சமவெளியில் உழவனும், கரையில் மீனவனும் வாழ்கின்றனர். நிலத்திற்கேற்பத் தொழிலும், தொழிலுக்கேற்ப ஊரும் அமைகின்றன. இவ்வுண்மையையே அவர் பிற்காலத்தில் தம் கொள்கையின் அடிக்கல்லாக நாட்டினார். குறிஞ்சி முதலாக நெய்தல் ஈறாக நிலத்தைப் பகுத்து வாழ்வைக் கண்ட தமிழருக்கு இது அயலான கருத்தன்று.

இளமையில் இலண்டன் சென்று, உயிரியல் மேதை தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவராகச் சேர்ந்தார். நுண்ணோக்கியின் வழியே நுண்ணுயிர்களைக் காண்பதே வாழ்வாக அமையும் என்று எண்ணியிருந்த வேளையில் ஊழ் குறுக்கிட்டது. 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது கண்பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தார். சன்னலின் கட்டங்களை விரல்களால் தடவித் தடவி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து, அவற்றின் தொடர்பைச் சிந்திக்கலானார். பார்வை மீண்டது, ஆயினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்கும் வலிமை மீளவில்லை. சிற்றுயிர்களை ஆராய வந்தவர், ஊர் என்னும் பேருயிரை ஆராயத் திரும்பினார்.

1886-இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையாரை மணந்தார். மணமக்கள் செய்த செயல் உறவினரை வியப்பில் ஆழ்த்தியிருக்க வேண்டும். எடின்பரோ நகரத்தின் வசதியான பகுதியை விட்டுவிட்டு, செல்வர்கள் கைவிட்டுச் சென்ற பழைய நகரத்தில், நெருக்கமும் அழுக்கும் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் குடியிருப்பில் அவர்கள் வீடு எடுத்தனர். அண்டை வீட்டாருடன் சேர்ந்து கூட்டினர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், வெயில் படும் மூலையெல்லாம் செடி வைத்தனர். பாழடைந்த கட்டடங்களுள் காக்கத் தக்கவற்றைப் பழுது பார்த்து, 1887 முதல் மாணவர் விடுதிகள் தொடங்கினர். அறிவுரை சொல்வதற்கு முன் அவ்விடத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது அத்தம்பதியரின் நெறி.

1888-இல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோடைப் பருவத்தில் மட்டுமே அங்குப் பாடம். எஞ்சிய காலமெல்லாம் நகரப் பணிக்கு. 1892-இல் எடின்பரோவில் ஒரு பழைய கோபுரத்தை ஏற்று, அதனைக் காட்சிக் கோபுரமாக மாற்றினார். உச்சியில் உள்ள இருட்டறையில் ஒளிவில்லை வழியாக நகரத்தின் உயிர்க்காட்சி வெண்மேசையின்மீது விழும். கீழே இறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு செய்தி. தன் தெருவை முதலில் அறிந்தவனே உலகை அறியத் தகுந்தவன் என்பதை அக்கோபுரத்தின் படிகளே கற்பித்தன.

அவருடைய முறையை ஈண்டுச் சற்று விளக்குவோம். அந்நாளைய பொறியாளர்கள் நெருக்கமான பகுதியைக் கண்டால், வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்க்கோடு ஒன்று இழுப்பர். கோட்டில் அகப்பட்ட வீடுகள் இடிபடும். அகன்ற சாலை தோன்றும். வீடிழந்த ஏழைகளோ அடுத்த தெருவில் நெருக்கியடித்துக் கொண்டு குடியேறுவர். நோய் இடம் மாறுமேயன்றி நீங்காது. கெடிஸ் இதனை மறுத்தார். முதலில் ஆராய்ச்சி, பிறகு நோயறிதல், அதன் பிறகே சிகிச்சை என்றார். அறுக்க வேண்டிய இடத்திலும் மிகக் குறைவாகவே அறுக்க வேண்டும். இடிந்து கிடக்கும் ஒரு வீட்டை அகற்றினால் ஒரு சிறு முற்றம் கிடைக்கும். இரண்டொரு சுவரைத் தள்ளிக் கட்டினால் சந்து விரியும். அங்கே ஒரு மரம் நட்டால் தாய்மார் அமரவும் சிறுவர் ஆடவும் நிழல் கிடைக்கும். காத்துப் பேணும் அறுவை மருத்துவம் என்று இம்முறைக்குப் பெயரிட்டார். மருத்துவன் நோயையும் அதன் மூலத்தையும் முதலில் தேர வேண்டும் என்று வகுத்த வள்ளுவரின் நெறியோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது!

சென்னை ஆளுநராயிருந்த பென்ட்லாந்து பிரபுவின் அழைப்பின் பேரில், 1914-இல் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பல ஆண்டுகள் அரிதின் முயன்று சேர்த்த படங்களும் வரைபடங்களும் அடங்கிய நகரக் கண்காட்சியைக் கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அப்போது முதல் உலகப் போர் மூண்டிருந்தது. செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனைத் தமிழர் மறப்பரோ? வல்லவனையும் எத்தனையும் எம்டன் என்று அழைக்கும் வழக்கமே அதனால் வந்தது. அதே எம்டன்தான் அக்டோபரில் கிளான் கிராண்டையும் கடலில் ஆழ்த்தியது. வாழ்நாள் சேமிப்பு நீரில் போயிற்று. கெடிஸ் கலங்கி அமரவில்லை. நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

பின்னர் அவர் சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றி வந்து அறிக்கைகள் எழுதினார். ஓர் ஊருக்குச் சென்றால் அலுவலக அறையில் அமர்ந்து வரைபடம் கேட்பது அவர் வழக்கமன்று. சந்து பொந்தெல்லாம் நடப்பார், கிணற்றடியில் நிற்பார், கோயில் வாயிலையும் குளக்கரையையும் காண்பார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்ச்சாலை அமைக்கும் யோசனையை மறுத்து, பழைய சந்துகளையே சிறிது சிறிதாகத் திருத்தும் வழியைக் காட்டினார். குறுகலான பழந்தெருக்கள் குழப்பத்தின் விளைவல்ல. தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்து நடந்து கண்ட வசதியின் விளைவு என்பது அவர் முடிவு.

நம் கோயில் நகரங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கோயிலைச் சூழ்ந்த தேர் வீதிகளின் அகலத்தையும் ஒழுங்கையும் வியந்தார். ஆண்டுக்கொரு முறை தேர் வந்தாக வேண்டும் என்பதனால் ஆக்கிரமிப்பு அகலும். மேடு பள்ளம் சமன்படும். வீட்டு வாயில்கள் பொலிவு பெறும். நகராட்சி விதியால் இயலாததைத் திருவிழா ஆற்றுவதை அவர் கண்டுகொண்டார். கொசுவை ஒழிப்பதாகச் சொல்லிக் குளங்களைத் தூர்க்கும் திட்டங்களையும் எதிர்த்தார். குளத்தைத் துப்புரவு செய்து மீன் வளர்த்தால் கொசுப் புழு ஒழியும். குளிர்ச்சியும் அழகும் எஞ்சும் என்றார்.

திருவிழாவின் இவ்வாற்றலை இந்தூர் நகரில் அவரே பயன்படுத்தினார். அங்குப் பிளேக் நோய் பரவியிருந்தது. தீபாவளி ஊர்வலம் மிகத் துப்புரவான தெருக்களின் வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். உடனே தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. அழுக்கு அரக்கனின் உருவமும் பிளேக் எலியின் உருவமும் ஊர்வலத்தில் வந்தன. ஊரார் ஒதுக்கி வைத்திருந்த துப்புரவுத் தொழிலாளர் புத்தாடையும் மாலையும் அணிந்து பெருமிதத்துடன் நடந்து சென்றனர். தெருவைத் தூய்மையாக்குபவரே தெருவின் முதல் மதிப்புக்குரியவர் என்பதை ஊர் ஒருநாளேனும் ஒப்புக்கொண்டது.

1917-ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டாக அமைந்தது. மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அப்போது அன்னா அம்மையார் கடுங்காய்ச்சலால் படுக்கையில் கிடந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்லாமல் நெஞ்சுக்குள் புதைத்துக் கொண்டார் கெடிஸ். சில வாரங்களில் அம்மையாரும் இந்திய மண்ணிலேயே கண்மூடினார். ஜேம்ஸ் கோர்ட்டில் தம்மோடு துடைப்பம் ஏந்திய கைகளை இழந்தும் அவர் பணியை நிறுத்தவில்லை. 1918-இல் இந்தூர் அறிக்கையை இரண்டு தொகுதிகளாக நிறைவு செய்தார்.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் குடிமையியல், சமூகவியல் துறையைத் தொடங்கி, அதன் முதற் பேராசிரியராக அவரை அமர்த்தியது. அப்போது இந்நகரம் எந்நிலையில் இருந்தது? 1896-இல் பரவிய பிளேக் நோயின் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியிருந்தது. தெற்கே நெருக்கமான பகுதிகளை ஊடறுத்து அகன்ற சாலைகள் அமைந்தன. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இடித்த வீடுகளுக்கு ஈடாக ஏழைகளுக்கு வீடுகள் எழவில்லை. அதே அறக்கட்டளை வடக்கே வெற்றிடத்தில் வகுத்த தாதர்-மாதுங்காத் திட்டமோ மரம் சூழ்ந்த தெருக்களையும் தோட்டங்களையும் தந்தது. இவை கெடிஸ் வரைந்தவையல்ல. எனினும் ஒரே அமைப்பின் கையில் ஒரு பகுதி வெட்டுண்டதையும் மற்றொரு பகுதி தழைத்ததையும் ஒப்பிட, அவர் கொள்கையே நமக்கு உரைகல்லாகின்றது.

அவரிடம் குறைகள் இல்லாமல் இல்லை. அவர் பேச்சைப் பின்தொடர்வது கடினம். தொடங்கிய நூல்கள் பல முடியாமல் நின்றன. அதிகாரிகளோடு அடிக்கடி முரண்பட்டார். அறிக்கைகளுள் பல செயலுக்கு வரவில்லை. ஆயினும் விதை வீணாகவில்லை. 1924-இல் அவருக்குப் பின் துறைத் தலைமை ஏற்ற ஜி. எஸ். குர்யே இந்தியச் சமூகவியலின் தூணாக விளங்கினார். 1925-இல் கெடிஸ் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். வண்டிகளுக்குரிய பெருஞ்சாலைகள் சுற்றிச் செல்ல, உள்ளே சிறு தெருக்களும் நடுவில் தோட்டமும் அமையும் வகையில் குடியிருப்புகளைப் பகுத்தார். அத்திட்டத்தின் மேல் எழுந்த நகரப் பகுதி 2003-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. பிரான்சின் மான்ட்பெல்லியரில் தாம் நிறுவிய கல்லூரியில், 1932 ஏப்ரல் 17-இல் அவர் இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றினால் நாம் பெறுவது யாது? நம் மாதுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றி மாலையில் உலவும் முதியோரும், நிலையத்துக்கு வெளியே பூ வாங்கும் மகளிரும், நடக்கத் தக்க தெரு என்பது எத்துணைச் செல்வம் என்பதை அறிவர். அதே நகரில், 2008 முதல் நடப்பவர்களுக்கென வானளாவிய நடைபாலங்கள் பல கட்டப்பட்டன. வண்டி தரையில் செல்ல, மூட்டு வலியுள்ள பாட்டி படியேற வேண்டும் என்பது என்ன நியாயம்? நடைபாதையை ஒழுங்காக வைத்திருந்தால் பாதி பாலங்கள் தேவைப்பட்டிரா.

தாராவியின் நிலையோ மேலும் எண்ணத் தக்கது. 2004-இல் அறிவிக்கப்பட்ட மறுசீரமைப்புத் திட்டம் பலமுறை மாறி, 2024-இல் வீடுதோறும் கணக்கெடுப்பு தொடங்கியது. சாக்கடையும் ஒளியின்மையும் நீங்க வேண்டும். அதில் இரு கருத்தில்லை. நல்ல வீடு வேண்டும் என்று தலைமுறைகளாகக் காத்திருக்கும் நம் உறவினரின் வேட்கையும் நேரியதே. ஆனால் அங்கே வீடே தொழிற்கூடம், சந்தே முற்றம், பத்து அடி நடந்தால் வேலை, இருபது அடி நடந்தால் உறவு. திருநெல்வேலியிலிருந்து வந்த நம் முன்னோர் தோல் பதனிட்டும் இட்டலி விற்றும் ஊன்றிய வாழ்வு அந்த நடைத் தொலைவின்மேல் நிற்கின்றது. வீட்டை எண்ணுவதோடு நிற்காமல், நடையையும் எண்ணுவதே கெடிஸ் கூறிய ஆராய்ச்சி. அஃதின்றி எழும் மாடி வீடு எத்துணை அழகாயினும், வாழ்வைத் தளந்தோறும் துண்டாக்கிவிடும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறு காலை, ஒவ்வொரு காலனியிலும் பெரியோரும் இளைஞரும் சிறுவரும் ஒன்றுகூடித் தத்தம் தெருக்களை நடந்து பாருங்கள். பாதை எங்கே உடைந்துள்ளது, சாலையைக் கடக்க எங்கே அஞ்சுகின்றோம், எந்த மரத்தடியில் ஒரு திண்ணை வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அக்குறிப்புகளைத் தொகுத்து, உங்கள் வட்டத்து மாநகராட்சி அலுவலகத்தில் சங்கத்தின் பெயரால் சேர்ப்போம். பெருந்திட்டங்களை வகுப்பது நம் கையில் இல்லை. நம் தெருவை நாம் அறிந்திருப்பது நம் கையில் உள்ளது. அறிந்தவர் பேசும்போது அதிகாரிகளும் செவி சாய்ப்பர்.

அயல் நாட்டில் பிறந்து, நம் ஊர்களின் சந்துகளை அன்போடு நடந்து அறிந்த அப்பெரியாரின் நினைவு வாழ்க! நம் தெருக்கள் நம் கால்களுக்கு உரியனவாகுக!