வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பினால் வத்திராயிருப்பு. என் அம்மா பிறந்த ஊர். முதல் வருஷம் பிசிக்ஸில் அரியர் விழுந்து, நமக்கெல்லாம் இது வராதுன்னு நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தபோதுதான் தாத்தா அந்தப் பெயரைச் சொன்னார்: கே.எஸ்.கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4-ல் அந்த ஊரில் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1923-ல் கல்கத்தாவில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு! 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது.

கிருஷ்ணன் சோர்ந்து உட்காரவில்லை. 1928 கடைசியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் போயிருந்தார். சத்யேந்திரநாத் போஸ் இருந்த இடம் அது. ஒரு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழையை மெதுவாக முறுக்குவார். எத்தனை முறுக்கில் படிகம் சட்டென்று திரும்புதுன்னு அளப்பார். அதை வைத்தே, உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று கணக்கிட்டார். மில்லில் நூலுக்கு முறுக்கு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன!

மூலக்கூறின் திசை இன்றைக்கும் பெரிய விஷயம். ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸாக உள்ளவை துருவ மூலக்கூறுகள். மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்தாலும், தலையும் வாலுமாக நெருங்கினால் ஈர்த்து மோதி அழிந்துபோகும். பக்கவாட்டில் வந்தால் விலக்கும். அதனால் மின்புலத்தால் அவற்றை ஒரே திசையில் நிறுத்தி, லேசர் ஒளியால் மெல்லிய தட்டுகளில் அடைத்து, மோதலைக் குறைக்கிறார்கள். மைக்ரோவேவ் அலைகளால் மோதலைத் தடுத்து, சோடியம்-சீசியம் மூலக்கூறுகளை போஸ்-ஐன்ஸ்டீன் நிலைக்கே கொண்டுபோனதாக 2024-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அறிவித்தது. அந்த போஸ், டாக்காவில் இருந்த அதே போஸ்தான்! கிருஷ்ணன் இந்தக் குளிரைத் தொட்டவர் இல்லை. ஆனால் வெளியே ஒரு புலத்தை வைத்து உள்ளே இருக்கும் திசையைப் படித்தவர்.

1940-ல் எஃப்.ஆர்.எஸ்.; 1946-ல் சர் பட்டம்; 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1961-ல் மறைந்தார்.

பரிசு வரலைன்னு அவர் இழையைக் கீழே போடவில்லை. ஒரு அரியருக்கு நான் புத்தகத்தை மூடினது தப்புன்னு அன்றைக்கே தெரிந்தது. அடுத்த தடவை எழுதி பாஸ் பண்ணினேன். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, நீங்களும் எழுதுங்கள்!